முள்ளம்பன்றி தேச்ச வெள்ளிக்காசு

வாங்கடா வாங்க. கதைன்னதும் முட்டி மோதிக்கிட்டு முதல் வரிசையில வந்து உக்காருறீங்க, காலையில எழுப்பும்போது இந்த வேகம் எங்க போகுது? அங்க மூக்கு நோண்டுறவரே, கையை எடுத்துட்டுக் கேளுங்க. நடுவுல எவனாவது "எனக்குத் தெரியும், நரி ஏமாத்தும்"னு கத்தினா நான் எழுந்து போயிடுவேன். நரி ஏமாத்தாம பின்ன கோலமா போடும்?

ஒரு காட்டுல சடையாண்டின்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தான். கோவக்காரன். காஞ்ச எலை ஒண்ணு முதுகுல விழுந்தாக்கூட, எவன்டா போட்டதுன்னு முள்ளைத் தூக்கிட்டு மரத்தோட சண்டைக்கு நிப்பான். பொண்டாட்டி பேரு பேச்சி. குட்டிங்க மூணு. போன மழைக்கு முன்னாடி நாலு. அவங்க வளை பள்ளத்துல இருந்துச்சு. தண்ணி ஏறி, கடைசிக் குட்டியை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

மேட்டுல ஒரு குகை இருந்துச்சு. எவ்வளவு மழை பேஞ்சாலும் அங்க தண்ணி எட்டாது. ஆனா வாசலை ஒரு பாறை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அதை நகர்த்துற தெம்பு யானைப் பெரியம்மாவுக்கு மட்டும்தான். முயல் கேட்டான், கீரி கேட்டான், எறும்புத்தின்னி தினம் வந்து அழுதான். பெரியம்மாவுக்குச் சலிச்சுப்போச்சு.

அவங்களுக்குப் பழைய வெள்ளிக்காசுன்னா உசிரு. அவங்க வம்சத்துல முன்னாடி யாரோ ஒரு ராசாவைச் சுமந்தாங்களாம். அந்த ராசா முகம் போட்ட காசு ஒண்ணைக் கண்ணால பாத்துடணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால, அந்த அசல் காசை எவன் கொண்டாறானோ அவனுக்குத்தான் குகை, மத்தவன் எவனும் இனி வந்து கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அமாவாசைக்கு ஆத்தங்கரையில கூட்டம்.

அமாவாசைக்கு முந்தின நாள், சடையாண்டி கிழங்கு தோண்டிக்கிட்டு இருக்கும்போது நகத்துல எதுவோ தட்டுச்சு. எடுத்து மண்ணை ஊதினான். கன்னங்கரேல்னு ஒரு காசு. ஒரு பக்கம் மீசை வெச்ச ராசா. மறுபக்கம் கொடி சுத்தி, நடுவுல வருசம். ஒரு எழுத்துகூட அழியலை.

எலையில சுத்தி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடினான்.

வழியில நரி. காட்டுல காசு பாக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியறவன். யார் சொன்னா? அவனேதான் சொல்லிக்கிட்டான். அவன் கூடவே ரெண்டு காக்கா, அவன் வாயைத் தொறந்தா சிரிக்கறதுக்குன்னே.

"என்ன மாமா, கையில எலை? பொரிகடலையா?"

சடையாண்டி காட்டியிருக்கக் கூடாது. காட்டினான். சந்தோசத்தை வெச்சுக்கிட்டு வாயை மூடத் தெரியாது அவனுக்கு.

நரி தொடக்கூட இல்லை. தூரத்துல இருந்து எட்டிப் பாத்தான். ஒரு நொடி அவன் முகம் மாறுச்சு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சான். காக்காயும் சிரிச்சுது.

"கரிச்சட்டியை உடைச்சு எடுத்துட்டு வந்தியா மாமா? வெள்ளின்னா வெள்ளையா இருக்கும்னு குட்டிக்குக்கூடத் தெரியும். ஓ, உனக்குத்தான் குட்டி நிக்கறதில்லையே."

ஆமாடா, அதைச் சொன்னான். செத்துப்போன குட்டியைச் சொல்லிச் சிரிச்சான். சடையாண்டிக்குக் கண்ணு இருட்டிடுச்சு. முள்ளைச் சிலுப்பிக்கிட்டு பாயறதுக்குள்ள நரி பாறை மேல ஏறிட்டான். நாளைக்கு ஊரே சிரிக்கப்போகுதுன்னு மேல இருந்து கத்தினான். அந்தச் சேதியை எடுத்துக்கிட்டு காக்கா ரெண்டும் மரம் மரமாப் பறந்துச்சு.

வீட்டுல பேச்சி காசைப் பாத்ததும் அழுதுட்டா. சடையாண்டி அவளைப் பாக்கவே இல்லை. புளியை எடுத்தான், சாம்பலை எடுத்தான், வாசல்ல உக்காந்து தேய்க்க ஆரம்பிச்சான்.

"என்னத்துக்கு இப்ப அதைப் போட்டுத் தேய்க்கறே? அவன் சொன்னா நம்ம காசு தகரமாயிடுமா?"

"நீ சும்மா இருடி. நாளைக்கு இது மின்னுற மின்னுல அவன் கண்ணு அவியணும்."

கருப்பு லேசுல போகலை. அது போகாம அடம்புடிக்க அடம்புடிக்க அவனுக்கு வெறி ஏறுச்சு. புளி தீந்ததும் ஆத்து மணல். மணலுக்கும் அசையலைன்னதும் சொரசொரப்பான கல்லு. ஒவ்வொரு இழுப்புக்கும் நரியோட பல்லுதான் அவன் கண்ணு முன்னாடி. அவன் தேச்சது காசை இல்ல, அந்தச் சிரிப்பை. பொழுது சாஞ்சப்போ காசு பளபளன்னு நிலாத்துண்டு மாதிரி மின்னுச்சு. சடையாண்டிக்குப் பெருமை தாங்கலை. பேச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவன் கையில திருப்பிக் குடுத்துட்டு குட்டிங்க பக்கம் போயிட்டா.

மறுநாள் ஆத்தங்கரையில எல்லாரும் கூடிட்டாங்க. மேகம் வேற கருத்துக்கிட்டு வந்துச்சு. பாத்தா, முன்னாடி நரி நிக்கறான். அவன் கையிலயும் ஒரு காசு. ராசா முகம், கொடி, வருசம், எல்லாம் இருக்கு. நிறம் என்ன தெரியுமா? கருப்பு.

"நாளான வெள்ளி இப்படித்தான் பெரியம்மா இருக்கும்" அப்படின்னு பணிவா சொல்றான், அதே வாய். "கருப்புதான் காசுக்கு வயசு. மினுமினுன்னு எவனாச்சும் கொண்டாந்தா நம்பாதீங்க."

சடையாண்டிக்கு அப்பத்தான் உறைச்சுது. நரிகிட்ட இருக்கறது போலி, அசல் பக்கத்துல இருந்தா அது நிக்காது. வெக்கப்பட்டு அசலை வீட்டுலயே போட்டுட்டு வரட்டும்னுதான் நேத்து அந்தச் சிரிப்பு. முள்ளு அத்தனையும் எழுந்து நின்னுச்சு. பாயப் போனவன் கண்ணுல நரியோட உள்ளங்கை பட்டுச்சு. உள்ளங்கையெல்லாம் கரி.

"பெரியம்மா, அசல் கருப்பை எடுக்க எனக்குப் பொழுது சாயுற வரைக்கும் ஆச்சு. புளிக்குப் போகலை, மணலுக்குப் போகலை. இவன் கருப்பு கையிலயே ஒட்டிக்கிட்டு வருது பாருங்க."

பெரியம்மா தும்பிக்கையை நனைச்சு நரியோட காசை ஒரு தடவை தடவினாங்க. அடுப்புக்கரி வழிஞ்சு ஓடுச்சு. விளிம்பைத் தடவினாங்க. சுத்திலும் ஒரு ஒட்டு. அச்சுல ஈயத்தை ஊத்தி எடுத்த தடம். பாறை மேல போட்டாங்க. 'சொத்'துன்னு விழுந்துச்சு.

அடுத்தது சடையாண்டி காசு. பாறையில பட்டதும் 'கிணீர்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. காக்கா ரெண்டும் வாயை மூடிடுச்சு.

"வெள்ளிதான். சுத்தமான வெள்ளி" அப்படின்னாங்க பெரியம்மா.

சடையாண்டி நரியைத் திரும்பிப் பாத்தான் பாரு, ஒரு பார்வை. காடே அவனுக்குத்தான் சொந்தம்ங்கற மாதிரி. குட்டிங்க மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குதிச்சுது.

பெரியம்மா காசைக் கண்ணுகிட்ட கொண்டுபோனாங்க. திருப்பினாங்க. மறுபடி திருப்பினாங்க.

"முகம் எங்கய்யா?"

முகம் இல்லை. மூக்கு இருந்த இடத்துல வழவழன்னு ஒரு மேடு. மீசை இருந்த இடம் மொழுக்குன்னு கிடந்துச்சு. வருசத்துல ஒரு எண்ணுதான் பாக்கி, அதுவும் பாதி.

"காசுக்கு அந்தக் கருப்பு அழுக்கு இல்லய்யா, தோலு. அதோட சேத்து முகத்தையும் உரிச்சுட்டியே. இது எந்த ராசா? எங்க ஆளுங்க சுமந்தவரா, வேற எவனோவா? நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? வெறும் வெள்ளியை வெச்சுக்கிட்டு நான் என்ன கொலுசா போட்டுக்கப் போறேன்?"

குகைன்னு முனகினான் சடையாண்டி. குட்டிங்கன்னு சொன்னான். எறும்புத்தின்னிக்கும் குட்டி இருக்கு, கீரிக்கும் இருக்கு, சொன்ன சொல்லை உனக்கு மட்டும் எப்படி மாத்துவேன்னு கேட்டாங்க பெரியம்மா. கேட்டதுல தப்பில்லை. அதான் எனக்கு ஆத்திரமா வருது.

நரியைத் தும்பிக்கையால ஒரு சுழட்டு சுழட்டி ஆத்துல எறிஞ்சாங்க. நல்லா வேணும். ஆனா பாறை இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு. முதல் தூறல் விழுந்துச்சு.

பெரியம்மா காசை சடையாண்டி கையில திருப்பிக் குடுத்தாங்க.

"முழுசா இருந்த காசு. யாருய்யா இதைத் தேய்க்கச் சொன்னது?"

கூட்டம் மொத்தமும் ஆத்துப் பக்கம் திரும்புச்சு. நரி தண்ணியில தத்தளிச்சுக்கிட்டு இருந்தான். அவன் பேரைச் சொல்லத்தான் சடையாண்டியும் வாயைத் தொறந்தான். நேத்து நடந்ததை ஒவ்வொண்ணா யோசிச்சான். நரி அந்தக் காசைத் தொடக்கூட இல்லை. தேயின்னு ஒரு வார்த்தை சொல்லலை. தேய்க்காதேன்னு சொன்னவ பக்கத்துலயே நிக்கறா, மூணு குட்டியையும் மழைக்கு மறைச்சுக்கிட்டு.

தூக்கி நின்ன முள்ளு ஒவ்வொண்ணா கீழ படிஞ்சுது.

"யாரும் சொல்லலை பெரியம்மா. அவன் சிரிக்கத்தான் செஞ்சான். தேச்சது நான்தான்."

நீதி: உன்னைப் பாத்துச் சிரிக்கறவன் வாயை அடைக்கப் போயி, உன் கையில இருக்கறதை நீயே அழிச்சுக்காதே.