குளிர் அரங்கில் பறை

"ரெண்டு இசை கலக்கும்போது எது விட்டுக்கொடுக்கணும், ஆசான்?" என்று கேட்டார் செல்வநாயகம்.

அவருக்கு ஐம்பது வயதாகப்போகிறது. ஸ்பெயினின் தெற்கே ஜெரேஸ் என்ற ஊரில் ஃபிளமெங்கோ கிதார் கற்றவர். அது அந்த ஊரில் விரட்டப்பட்ட சனங்கள் வளர்த்த இசை. அதைப் பறையோடு சேர்க்க ஆசைப்பட்டு ஊர் திரும்பி, பறையடிக்கும் அஞ்சுகத்திடம் மாணவராகச் சேர்ந்தார். அஞ்சுகம் வயதில் மிகவும் இளையவர். ஆகவே ஆசிரியர் மாணவரை 'அண்ணே' என்றார். மாணவர் ஆசிரியரை 'ஆசான்' என்றார்.

அஞ்சுகம் இரும்புச் சட்டியில் தீ மூட்டிக்கொண்டிருந்தார்.

அது சென்னையில் ஒரு பெரிய அரங்கின் வண்டி நிறுத்துமிடம். சற்று நேரத்தில் அவர்களுடைய நிகழ்ச்சி. அந்த மேடையில் அதுவரை பறை ஏறியதில்லை. பறையைச் சாவு வீட்டோடு நிறுத்திவைத்த பெரிய மனிதர்கள் கட்டிய மேடை அது.

"அக்கா, இந்த அழைப்பிதழ் எரியவே மாட்டேங்குது" என்றார் குழுவைச் சேர்ந்த முத்தம்மை.

"பளபளப்புத் தாள் புகையத்தான் செய்யும். நம்ம கூட்டத்து நோட்டீசைப் போடு. உடனே பத்திக்கும்."

பற்றிக்கொண்டது. அஞ்சுகம் பறையின் தோலைத் தீக்கு மேலே காட்டிச் சுழற்றினார். தோல் இறுகியது. விரலால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்றது.

அரங்கின் மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இது? இங்க தீயெல்லாம் கூடாது. பிளாஸ்டிக் தோல் போட்ட பறை கிடைக்குதே, அதை அடிங்களேன்."

"இதைத்தான் அடிப்போம், சார்."

"உள்ள ஏசி ஓடுது. நடுவுல மந்தமாச்சுன்னா திரையை இறக்கிடுவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

அவர் போன பிறகு செல்வநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆசான். குளிர்ல தோல் தொய்யும், ஒலி இறங்கும். என் கிதார் ஒரு பக்கம் நிக்கும், பறை ஒரு பக்கம் போகும். இன்னைக்குத் திரை விழுந்தா இனி எந்த மேடையும் நம்மைக் கூப்பிடாது. இந்த ஒரு நாள் மட்டும் பிளாஸ்டிக்..."

"அண்ணே, ஜெரேஸ்ல பாடறவங்களுக்குத் தொண்டை கம்மிப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கிதார் கழுத்துல ஒரு கவ்வி மாட்டியிருப்போம். அதைக் கழுத்தோட நுனிப்பக்கம் தள்ளி மாட்டினா சுருதி இறங்கும். பாடறவங்க குரல் போற இடத்துக்கு நாங்க போவோம்."

"பிளாஸ்டிக் தொண்டை வாங்கி வெச்சுக்கச் சொல்லமாட்டீங்களா?"

முத்தம்மை சிரித்துவிட்டார். செல்வநாயகமும் சிரித்தார். பிறகு கவ்வியை எடுத்துக் கிதாரின் கழுத்தில் மாட்டினார்.

திரை விலகியது.

முதல் அடியிலேயே முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பறை கேட்டது, கிதார் பதில் சொன்னது. கிதார் சீண்டியது, பறை பாய்ந்தது. தந்திகளின்மேல் செல்வநாயகத்தின் விரல்கள் மழைபோல் இறங்கின. அஞ்சுகத்தின் குச்சிகள் அந்த மழைக்குள் இடியாய் விழுந்தன. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அந்த அரங்கு விசிலே கேட்டிராதது.

"அப்படிப் போடுங்க, அண்ணே!" என்று மேடையிலேயே கத்தினார் அஞ்சுகம்.

பறை குளிர்ந்தது. முத்தம்மை பக்கவாட்டுக் கதவு வழியாகச் சூடான பறையைக் கொண்டுவந்து கொடுத்து, குளிர்ந்ததை வாங்கிக்கொண்டு ஓடினார். மறுபடி கணீர். அது குளிர்ந்ததும் இன்னொன்று. கூட்டம் இந்த ஓட்டத்துக்கே கைதட்டத் தொடங்கியது.

அடுத்த முறை முத்தம்மை வெறுங்கையோடு வந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"மேனேஜர் ஆளுங்க வாளித் தண்ணியை ஊத்தித் தீயை அணைச்சிட்டாங்க, அக்கா!"

அஞ்சுகம் அடியை நிறுத்தவில்லை. ஆனால் தோல் தளர்ந்துகொண்டே வந்தது. செல்வநாயகம் கவ்வியைத் தள்ளினார். கிதார் பறையோடு இறங்கியது. தோல் இன்னும் தளர்ந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி. கடைசியில் கவ்வியைக் கழற்றித் தரையில் வீசினார்.

பறை மேலும் இறங்கியது. இப்போது அதில் கணீர் இல்லை, தொம் தொம் என்ற ஓசைதான் இருந்தது. கிதார் தனியே நின்று அந்நியமாய் ஒலித்தது. ஓரத்தில் மேலாளர் திரை இறக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டார்.

"ஆசான்! இதுக்குக் கீழ கிதார்ல இடமில்லை!"

"கை இருக்குல்ல, அண்ணே?"

செல்வநாயகம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு கிதாரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு எழுந்தார். உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினார். ஜெரேஸ்காரர்கள் பாட்டுக்குத் தட்டும் மந்தமான தட்டு அது. தளர்ந்த தோலின் தொம்முக்கு அது அப்படியே பொருந்தியது. குழித்த கையும் தொய்ந்த தோலும் ஒரே மார்பின் துடிப்புபோல் ஒலித்தன.

அஞ்சுகம் தாளத்தை முடுக்கினார். செல்வநாயகம் துரத்தினார். முத்தம்மை நனைந்த சேலையோடு மேடையேறித் தட்டினார். முன்வரிசை எழுந்தது. பின்வரிசை அதற்கு முன்பே எழுந்து தட்டிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலைகளும் பனியன்களும் ஒரே தாளத்தில் அதிர்ந்தன. மேலாளரின் விரல் எப்போதோ பொத்தானை விட்டுவிட்டது. அந்தக் கை அவருடைய மற்றக் கையோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது.

வியர்வை வழிய, கை சிவக்க, செல்வநாயகம் அஞ்சுகத்தின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஆசான், கிதார் சும்மா கிடக்குதே!"

அஞ்சுகம் அடித்துக்கொண்டே சொன்னார்:

"அது கேக்கட்டும், அண்ணே. இத்தனை நாள் நாமதானே அதைக் கேட்டோம்."