மேகத்துக்கு மேலே ஒரு காவல்

மலைக்காட்டில் கடும் கோடை. குட்டைகள் எல்லாம் வற்றிப்போய், புல்வெளி நடுவில் ஒரே ஒரு குளம்தான் மிச்சம். அதன் கரையில் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. உள்ளே செந்நாய் பதுங்கினால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

அதனால் மான்கள், நெடுவான் என்ற கழுகைக் காவலுக்கு வைத்திருந்தன. அது உச்சி வானில் வட்டமிட்டுப் பார்க்கும். ஒருமுறை கத்தினால் வரலாம். இருமுறை கத்தினால் வரக்கூடாது. மான்கள் நடக்கும்போது புல்லிலிருந்து எலிகள் வெருண்டு ஓடும். அவைதான் கழுகுக்குக் கூலி.

"என் கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு ஊர முடியுமா!" என்று நெடுவான் பீற்றிக்கொள்ளும். கண் கூர்மைதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் காலை வானம் மூடிக்கொண்டது. நெடுவான் வழக்கமான உயரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தது. காடும் தெரியவில்லை, குளமும் தெரியவில்லை. பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் கீழே ஒரே வெள்ளை.

மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்கலாமா என்று யோசித்தது. "சே! காக்கை பறக்கிற உயரத்திலா நான் பறப்பது!"

அப்போது மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே மேற்குக் கரை பளிச்சென்று தெரிந்தது. அங்கே ஒரு பூச்சிகூட இல்லை. நேற்றும் செந்நாய்கள் வரவில்லை. வயிறு வேறு பசித்தது.

நெடுவான் ஒருமுறை கத்தியது.

மான்கள் புறப்பட்டன. முன்னால் மருதாயி என்ற பெண்மான். அதன் காலோடு ஒட்டியபடி குட்டி.

காற்று மேகத்தைத் தள்ளியது. ஓட்டை கிழக்குக் கரைக்கு நகர்ந்தது. கோரைக்குள் சிவப்பாக ஒரு முதுகு! பக்கத்தில் இன்னொன்று! நெடுவான் இறக்கையை மடக்கியது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, "ஓடுங்க! ஓடுங்க!" என்று அலறியது.

மான்கள் சிதறி ஓடின. மருதாயியும் ஓடியது. குட்டியால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை.

மாலையில் மருதாயி தனியாக நின்றுகொண்டிருந்தது. நெடுவான் தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, கரை முழுசும் பாத்துட்டுத்தானே கூப்பிட்டீங்க?"

"இல்லம்மா. பாதிதான் தெரிஞ்சுது."

"மீதி?"

"மேகம் மறைச்சிடுச்சு. காலியாத்தான் இருக்கும்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

"தெரியலைன்னு சொல்லியிருந்தா தாகத்தோட படுத்திருப்போமே!"

"அதுக்குன்னு நமக்குள்ள ஒரு கத்தல் இல்லையேம்மா!"

"இருந்திருந்தா கத்தியிருப்பீங்களா?"

நெடுவானுக்கு அழுகையாக வந்தது.

மறுநாளும் மேகம். நெடுவான் இந்த முறை கீழே இறங்கியது. காக்கைகள் கேலி செய்தன. நனைந்த இறகோடு தாழப் பறந்து குளத்தைச் சுற்றியது. மேகமோ கோரை நுனிவரை இறங்கிக் கிடந்தது.

நெடுவான் மூன்றுமுறை கத்தியது.

மான்கள் திகைத்தன. இப்படி ஒரு கத்தலை அவை கேட்டதே இல்லை. மருதாயிக்கு மட்டும் புரிந்தது.

"அண்ணனுக்குத் தெரியலையாம். யாரும் நகராதீங்க!"

அன்று மான்களுக்குத் தண்ணீர் இல்லை, கழுகுக்கு எலி இல்லை. எல்லா உயிரும் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாததை 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'எனக்குத் தெரியவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும்.