பெட்ரோல் செலவே இல்லாத கார்

மணி ஒன்றேகால். மண்டையைப் பிளக்கிற வெயில். சென்னிமலை ரோட்டில் ஒரு புத்தம்புது சிவப்புக் காரை மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த நாலாவது ஆள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

எதிரே டிராக்டரில் வந்தவர் பாவப்பட்டு நிறுத்தினார். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார்.

"முக்கால் டேங்க் இருக்குதுங்க" என்றான் பூபதி.

"அப்ப பேட்டரி போச்சா?"

"புது பேட்டரிங்க. நல்லா இருக்குது."

"அப்பறம் என்னத்துக்குத் தள்றீங்க?"

"வண்டி நல்லா ஓடுதான்னு பாக்கறோமுங்க."

டிராக்டர்காரர் பூபதியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கியரைப் போட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு வேலை இருந்தது.

வேலை பூபதிக்கும் இருந்தது. இரண்டு மணிக்கு மில்லில் ஷிப்ட். மில்லுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். இந்த மாதத்தில் அவன் ஏற்கெனவே இரண்டு நாள் லேட். முந்தாநாள் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு, "இனிமே சரியா ரெண்டு மணிக்கு உன் விரல் அட்டெண்டன்ஸ் மெஷின்ல இருக்கோணும். இல்லைன்னா மறுநாள்ல இருந்து வீட்டுலயே இருந்துக்க" என்று சொல்லியிருந்தார். மற்ற மூன்று பேர் லேட்டாகப் போனால் திட்டோடு போகும். பூபதி போனால் வேலை போகும். அவன் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவன் ஒருத்தன்தான்.

லேட்டானதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு வருகிற டவுன் பஸ் இப்போதெல்லாம் இஷ்டத்துக்கு வந்தது, இஷ்டத்துக்கு வராமலும் இருந்தது. அதனால்தான் ஒரே மில்லுக்குப் போகிற நாலு பேரும் சேர்ந்து ஒரு சின்ன கார் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். லைசென்ஸ் இருந்த ஒரே ஆள் சென்னியப்பன். வயதில் மூத்தவர். பூபதியும், அவன் மச்சான் மாரப்பனும், கருணாகரனும் பின் சீட்டு.

காருக்கு மூன்று தகுதி வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும். பெட்ரோல் கம்மியாகக் குடிக்க வேண்டும். ஓட்டுவதற்கு ஜாலியாக இருக்க வேண்டும். மூன்றாவது சென்னியப்பன் கேட்டது. ஓட்டப்போகிறவர் அவர்தானே என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஷோரூமில் அவர்களைக் கவனித்தவர் பெயர் ஜெகதீசன். கழுத்தில் டை கட்டிய, பொறுமையான மனிதர். விலை ஒத்துப்போய்விட்டது. மற்ற இரண்டையும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பிரச்சினையே இல்லை.

"நீங்க தினமும் வேலைக்கு எப்படிப் போவீங்களோ, அப்படியே இந்த வண்டியில போய்ப் பாருங்க. அப்பத்தான் உங்களுக்குத் தோதுப்படுமான்னு தெரியும்" என்றும் சொன்னார்.

அவர்கள் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள்.

ஆகவே பதினோரு மணிக்கு ஷோரூமை விட்டுக் கிளம்பிய கார் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்றது. ஒவ்வொன்றிலும் மாரப்பன் கதவை இரண்டு தட்டுத் தட்டி "ரைட், ரைட்" என்று சொன்ன பிறகே புறப்பட்டது. கருணாகரனுக்கு பஸ்ஸில் என்றைக்குமே சீட் கிடைத்ததில்லை. அதனால் அவன் காரிலும் நின்றான். தலை கூரையில் முட்டிக்கொண்டிருந்தது, முழங்கால் மாரப்பனின் வயிற்றில் இருந்தது. முன்சீட்டில் இருந்த ஜெகதீசன் திரும்பிப் பார்த்து, சார் உட்காருங்க சார் என்று மூன்று முறை கெஞ்சினார். டெஸ்ட் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று கருணாகரன் மறுத்துவிட்டான்.

நால்ரோடு ஸ்டாப்பில் சின்ன வெங்காய மூட்டையோடு நின்ற ஒரு அம்மா, கார் நின்றதும் கதவைத் திறந்து ஏறிக்கொண்டது. கருணாகரன் நின்றுகொண்டிருந்ததால் ஒரு சீட் காலியாகத்தானே இருந்தது. பஸ் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று கேட்டது. புது வண்டி என்றான் மாரப்பன்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே?" என்று அந்த அம்மா கேட்டதற்கு நாலு பேரும் ஜெகதீசனைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃப்ரீதான் என்று பூபதி சொல்லிவிட்டான்.

இடையில் ஜாலியையும் சோதித்தார்கள். மாரப்பன் முன்னால் எட்டி சென்னியப்பன் முகத்தை உற்றுப் பார்த்தான். ஜாலியாக இருக்கிறதா என்று கேட்டான்.

"தெரியலீங்க மாப்ள. ரோட்டைப் பாக்கவே நேரம் சரியா இருக்குது."

"சிரிப்பு வருதுங்களா?"

"வரலை."

மாரப்பன் இதைக் கவலையோடு மற்றவர்களுக்குத் தெரிவித்தான். கருணாகரன் மேலேயிருந்து ஒரு ஜோக் சொன்னான். வெங்காய அம்மா சிரித்தது. அந்த அம்மா கார் வாங்கப் போவதில்லை என்பதால் அது கணக்கில் வராது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அம்மா இறங்கிப் போன பிறகு ஜெகதீசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தப்பைச் செய்தார். "இப்படி ஆளும் மூட்டையுமா ஏத்தினா மைலேஜ் குறையுமுங்க. தேவையில்லாத வெயிட்டை எல்லாம் இறக்கிட்டீங்கன்னா இதே வண்டி இன்னும் நல்லாக் கொடுக்கும்" என்றார்.

சென்னியப்பன் உடனே ஓரம் கட்டினார். ஜெகதீசன் வெங்காயத்தை மனதில் வைத்துச் சொன்னார். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கால் மிதியடிகள் இறங்கின. ஜாக்கி இறங்கியது. ஸ்டெப்னி டயர் இறங்கியது. நாலு சக்கரமும் நன்றாகச் சுற்றும்போது ஐந்தாவது எதற்கு என்று பூபதிதான் கேட்டான். ஜெகதீசன் பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அடுத்து நாலு டிபன் பாக்ஸ்கள். அங்கேதான் விவாதம் முற்றியது.

"சாப்பாட்டை இங்கயே சாப்பிட்டுட்டா அந்த வெயிட் போயிரும்" என்றான் மாரப்பன்.

"எங்க போகும்?" என்றான் கருணாகரன். "வயித்துக்குள்ளதான் போகும். வயிறு வண்டிக்குள்ளதான் வரும்."

"அப்ப வண்டிக்கு வெளிய நின்னு சாப்பிடலாம்."

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "வெளிய நின்னு சாப்பிட்டா வெயிட் வெளியேதான் ஏறுது. வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

புளியமரத்தடியில் நின்று சாப்பிட்டார்கள். ஜெகதீசனுக்கும் ஒரு கைப்பிடி தயிர்சாதம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு மணியைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

பிறகு மீதியிருந்த தேவையில்லாத வெயிட் எது என்று தேடினார்கள். மாரப்பன் ஜெகதீசனை மரியாதையாக மேலும் கீழும் பார்த்தான்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க தினமும் எங்ககூட மில்லுக்கு வரப்போறீங்களா?"

இல்லை என்றார் ஜெகதீசன். உண்மையைத்தானே சொல்ல முடியும். அவர் சட்டையில் சிந்திய தயிரைத் துடைத்து நிமிர்வதற்குள் கார் போய்விட்டது. அவருடைய போனும் அதில்தான் சார்ஜில் இருந்தது.

வெயிட் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஆரம்பித்தால் நிறுத்த இடம் கிடைக்காது. அரை கிலோமீட்டர் போனதும், ஜெகதீசனை விட நான்தான் கனம் என்று கருணாகரன் மனசாட்சிப்படி ஒத்துக்கொண்டு இறங்கினான். மாரப்பனும் இறங்கினான். இரண்டு பேரும் பின்னால் நடந்தார்கள். அவர்கள் நடக்கிற வேகத்துக்கு கார் ஊர்ந்தது. மச்சான் நடக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது பூபதிக்கு உறுத்தியது. அவனும் இறங்கினான். இறங்கியவன் சும்மா வந்திருக்கலாம்.

"அண்ணா, எஞ்சின் ஓடுறதாலதானே பெட்ரோல் தீருது?" என்றான்.

சென்னியப்பன் எஞ்சினை அணைத்தார்.

தள்ள ஆரம்பித்தார்கள். பெட்ரோல் முள் இம்மியும் அசையவில்லை. நூறு அடிக்கு ஒரு தரம் மாரப்பன் ஓடிப்போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து, அதே இடம் என்று மூச்சு வாங்கச் சொன்னான். இப்படி ஒரு மைலேஜை அந்த ஜில்லாவில் எவனும் பார்த்திருக்க மாட்டான். ஆக்ஸிலேட்டர் இல்லை, கியர் இல்லை, கிளட்ச் இல்லை. மூன்று பேர் பின்னால் நாக்குத் தள்ளுவதைக் கண்ணாடியில் பார்த்த சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாலியும் தேறிவிட்டது.

பூபதிக்கு மட்டும் சந்தோஷம் முழுசாக வரவில்லை. கார் மூன்று தகுதியிலும் ஜெயித்துவிட்டது, ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் இருந்தது. அடுத்த மைல்கல் வர எவ்வளவு நேரமாகிறது என்று அவன் பார்த்துக்கொண்டே வந்தான். இந்தக் கணக்கில் போனால் மில்லுக்குப் போய்ச் சேரும்போது பாதி ஷிப்ட் முடிந்திருக்கும். தினமும் முந்தின நாளே கிளம்பிவிட்டால் சரியாக இருக்கும் என்றான் கருணாகரன். பூபதிக்கு அழுகை முட்டியது.

அப்போது ஒரு பால்காரரின் டி.வி.எஸ்ஸில், மடியில் ஸ்டெப்னி டயரை வைத்துக்கொண்டு ஜெகதீசன் வந்து சேர்ந்தார். டை முதுகுப் பக்கம் போயிருந்தது. இறங்கினார். நடந்ததைக் கேட்டார். அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அவர் திட்டவில்லை. திட்டுவதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பூபதி முகத்தைப் பார்த்து, உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். வேலை போகப்போகிறது என்று அவன் சொன்னான்.

ஜெகதீசன் மணியைப் பார்த்தார். ஒன்று முப்பத்தொன்பது. இந்த முறை அவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"நாலு பேரும் வண்டிக்குள்ள ஏறுங்க. உக்காருங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. எந்த ஸ்டாப்லயும் நிக்காம நேரா மில்லுக்குப் போங்க. போனதும் பூபதி தம்பி இறங்கி மெஷின்ல விரலை வைங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். விரல். அவ்வளவுதான்."

அவரும் ஏற வந்தார். மாரப்பன் வெயிட் என்று வாயெடுத்தான். ஜெகதீசன் கையைக் காட்டி, போ போ என்றார்.

கார் பறந்தது. ஒன்பது கிலோமீட்டர் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. ஒன்று ஐம்பதுக்கு மில் கேட்டில் நின்றது. வாட்ச்மேன் கந்தப்பன் எழுந்து நின்றே விட்டார். பூபதி பத்து நிமிஷம் முன்னால் வந்து அவர் பார்த்ததில்லை. இதோ மெஷின், வந்து வைப்பா என்றார்.

பூபதி கட்டைவிரலைப் பேண்ட்டில் துடைத்தான். மெஷின் வரைக்கும் கொண்டுபோனான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து விரலை எடுத்துக்கொண்டான்.

"பத்து நிமிஷம் இருக்குதுங்க. சரியா ரெண்டு மணிக்கு இருக்கோணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

முன்னாலேயே வைத்தாலும் செல்லும் என்றார் கந்தப்பன். சரி என்று சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றான் பூபதி. அப்படியானால் இங்கேயே பத்து நிமிஷம் நில்லு, நின்று வை என்றார் அவர். அதில் அவர் மேல் தப்பில்லை. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பார்கள்.

"தினமும் பத்து நிமிஷம் வெயில்ல நிக்கறதுக்கா கார் வாங்கறோம்?" என்றான் மாரப்பன். "அதுக்குப் பஸ் ஸ்டாப்லயே நின்னிருக்கலாமே."

பூபதிக்கு அது சுருக்கென்று பட்டது. வண்டியின் மேல் குற்றமில்லை, நாம் கிளம்பினதுதான் பத்து நிமிஷம் முன்னால் என்றான் அவன். அது தப்பென்றால் திருத்திவிடலாமே என்றார் சென்னியப்பன், எஞ்சினை ஸ்டார்ட் செய்தபடி. கந்தப்பன் என்னமோ கத்தினார். கார் திரும்பிவிட்டது.

ஜெகதீசன் ரோட்டோரத்தில் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு மூன்று. சிவப்புக் கார் வந்து அவர் முன்னால் நின்றதும், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து சிரித்தார்.

"விரல் வெச்சாச்சுங்களா தம்பி?"

"இல்லீங்க" என்றான் பூபதி. "இங்கிருந்து பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டோம். அதான் திரும்பி வந்துட்டோம். பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்பினா சரியாப் போயிருமுங்க."

சென்னியப்பன் பெட்ரோல் வீணாகக் கூடாதென்று எஞ்சினை அணைத்தார். பூபதி கட்டைவிரலை இன்னொரு முறை நன்றாகத் துடைத்து, அழுக்குப் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஆகட்டும் என்று காத்திருந்தான். அன்றைக்கு அவனைச் செய்யச் சொன்னது அந்த ஒரே ஒரு வேலைதான். அதை மட்டும் அவன் செய்யவில்லை.