வஞ்சனைக்குப் பொருள் சொன்ன தாய்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் தலையை வாங்குவான். அவன் தம்பி சேந்தன் எல்லைப் போரில் மாண்டுபோனான். அன்றிலிருந்து, "அவன் பெயரை இந்த அரண்மனையில் யாரும் எடுக்கக் கூடாது" என்று அரசன் தடைபோட்டுவிட்டான்.

நோயில் படுத்திருந்த தாயிடம் செய்தியைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அமைச்சர் நக்கண்ணர் மட்டும் அடிக்கடி போய், "இளையவர் நலம் தாயே. மழை விட்டதும் வந்துவிடுவார்" என்று சொல்லிவந்தார்.

இது அவைப்புலவர் விடங்கரின் காதுக்கு எட்டியது. அமைச்சர்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

"அரசே, உங்கள் தாயையே அமைச்சர் வஞ்சிக்கிறார். வஞ்சனைக்குத் தண்டனை கழு!" என்றார் அவையில்.

"பொய் சொன்னேன் அரசே. வஞ்சனை செய்யவில்லை" என்றார் அமைச்சர்.

விடங்கர் சிரித்தார். "இரண்டும் ஒன்றுதானே?"

"சொல்லுக்குப் பொருள் நீங்களே சொல்லுங்கள், புலவரே."

"நம்பியவரைக் கெடுப்பது வஞ்சனை!"

"அப்படியானால், கெட்டேன் என்று நம்பியவர் சொல்லட்டும். நீங்களே போய்க் கேளுங்கள்."

விடங்கர் அரசனைப் பார்த்தார். கேட்பதென்றால் மகன் இறந்ததை அவர்தானே சொல்ல வேண்டும்? புலவர் பின்வாங்கிவிடுவார் என்றுதான் அமைச்சர் நினைத்தார். அரசனோ, "போம்!" என்று உறுமினான். அமைச்சரை அழைத்துக்கொண்டு, தானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றான்.

"தாயே... இளையவர்..." விடங்கர் திணறினார்.

"இறந்துவிட்டான். தெரியும்" என்றாள் தாய். "ஆளில்லாமல் அவன் குதிரை திரும்பிவந்த அன்றே தெரியும்."

"அப்படியென்றால் அமைச்சர் வஞ்சித்தது..."

"வஞ்சித்தது நான். நம்பியதுபோல் நடித்தேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் வருவதை நிறுத்தியிருப்பார். என் பிள்ளையைப் பற்றிப் பேச இங்கே வேறு யார் வருகிறார்கள்? கழுவில் ஏற்றுவதானால் என்னை ஏற்றச் சொல்."

வாசலில் நின்ற அமைச்சர் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரசன் உள்ளே வந்தான். "விடங்கரே, இனி அவையில் உமக்கு இடமில்லை" என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"அந்தத் தடையை நீக்குங்கள் அரசே. அது போதும்."

அரசன் கட்டிலருகே போனான். "அம்மா, சேந்தன் போகமாட்டேன் என்றான். கோழை என்று ஏசி அனுப்பியவன் நான்."

தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு, "உட்கார்" என்றாள்.