மஞ்சத்துணி முடிச்சும் பாதிக்கண்ணு காரும்

ஏங்கண்ணு, கால அக்கட்டால போடு, ஒதைக்காத. கதையா? சரி, சொல்றேன். ஆனா ஒண்ணு, அத்தை இன்னிக்குக் கோவமா இருக்கறேன். சாயங்காலம் உங்கப்பன் உன்னய லீவுக்குக் கொண்டாந்து எறக்கி உட்டுட்டு, கேட்டுக்கு வெளியவே வண்டியத் திருப்பிட்டுப் போனான் பாரு, அப்ப இருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதனால வர்ற கதையும் கோவமான கதையாத்தான் வரும். பரவால்லையா?

"ம்."

இப்படியே "ம்" கொட்டிட்டு வரோணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திப்போடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சாமா. சும்மா காரு இல்ல, ஜப்பான் காரு. வேகமா ஓடறதுக்குன்னே செஞ்சது. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, தரையோட தரையாப் படுத்த ஒடம்பு. நல்ல மொளகாப்பழச் செவப்பு. அதுல ஒரு அதிசயம் என்னன்னா, முன்னாடி வெளக்கு ரெண்டும் வெளிய தெரியாது, மூடிக் கெடக்கும். சுவிச்சத் தட்டுனா 'டக்'குன்னு ரெண்டு கண்ணும் மேல எந்திரிச்சு முழிக்கும். இன்னொருக்கா தட்டுனா 'டொப்'புன்னு மூடித் தூங்கிரும்.

"என்னாட்டவா?"

உன்னாட்டத்தான். ஆனா அது சொன்னதும் தூங்கும்.

அப்புறம், அந்தக் காரு ஒரு மில்லு மொதலாளி மகன்கிட்ட இருந்துச்சு. ஆச ஆசையா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தான். கொஞ்ச நாளு 'உர்ர்ர்... உர்ர்ர்'ருன்னு அவிநாசி ரோட்டுல ஓட்டுனான். ஒரு நாளு நின்னு போச்சு. நின்னதும் என்ன பண்ணுனான்? தோட்டத்துக் கொட்டாயில தள்ளி உட்டுட்டு வேற காரு வாங்கிட்டான். அவ்வளவுதான் அவன்ற ஆச! வருசக்கணக்கா அது அங்கயே கெடந்துச்சு. சீட்டு மேல கோழி அடை படுத்துச்சு. எலி ஒயர 'கறுக்கு கறுக்கு'னு கடிச்சுது. மழத்தண்ணி எறங்கி எறங்கி அடித்தகடு ஓட்டை ஓட்டையாப் போச்சு.

அப்போ அதே ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. மோட்டார் பம்பு கம்பெனில ஃபிட்டர் வேல பாத்தா.

"அது நீதான அத்தை?"

கதையில குறுக்க பேசப்படாது. கோவக்காரின்னு ஒருத்தி, அவ்வளவுதான். அவ ஒரு நாளு அந்தத் தோட்டத்துக்குப் பம்பு மாட்டப் போனா. கொட்டாயில எட்டிப் பாத்தா, ஓலையும் கோழிப்பீயுமா நடுவுல இது நிக்குது. ஒரு கண்ணு மூடியிருக்குது, இன்னொரு கண்ணு பாதி தொறந்து அவளையே பாக்குது. வந்துச்சே அவளுக்குக் கோவம்! "ஓடற வரைக்கும் ஓட்டுவீங்க, நின்னா கோழிக்கூண்டா?"ன்னு அந்த மொதலாளி மகன் மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்போட்டா. அவன் சிரிச்சான். "வேணும்னா பழைய இரும்பு வெலைக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க அம்மணி"ன்னான். எடுத்துட்டா! டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு, கோழிமுட்டையோட ஒட்டுக்கா வீடு வந்து சேந்தா.

"முட்டைய என்ன பண்ணுனா?"

ஆம்லேட் போட்டா. படு.

அப்புறம் லீவு நாளெல்லாம் ஷெட்டுலயேதான். துருவ 'சர்ர்ர் சர்ர்ர்'ருன்னு சொரண்டுனா. ஓட்டை விழுந்த தகட வெட்டி எறிஞ்சுட்டு, புதுத்தகட 'பட்டபட்ட'ன்னு பத்த வெச்சா. எஞ்சின எறக்கி அக்கு அக்காக் கழட்டி, நட்டையெல்லாம் கடுகு டப்பா, சீரக டப்பான்னு போட்டு வெச்சா. ரசம் வெக்கப் போன எங்கம்மா சீரகத்துக்குப் பதிலா வாஷர அள்ளிட்டாங்க, அது வேற கூத்து. எல்லாத்தையும் கழுவி, தேஞ்சத மாத்தி, திருப்பி ஒண்ணொண்ணாக் கூட்டுனா. ஒரு ரப்பரு கெடைக்காட்டி கோவம், ஒரு நட்டு மழுங்கிப்போனா கோவம். கோவத்துலயே பாதி காரு ரெடியாயிருச்சு, கண்ணு.

"ம்."

அப்போ ஒருத்தரு வந்தாரு. எதுத்த வீட்டு நஞ்சப்பன், வாடகை வேன் ஓட்டறவரு. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ஏனுங்கம்மணி, இந்த எஞ்சின் பெட்ரோல மொடாக்கணக்காக் குடிக்குமுங்க. இதத் தூக்கி எறிஞ்சுபோட்டு டீசல் எஞ்சின மாட்டுங்க. எங்கிட்ட வேன் எஞ்சின் ஒண்ணு சும்மாதான் கெடக்குது"ன்னாரு. ஜப்பான்காரன் நகை செய்யறாப்பல செஞ்ச எஞ்சின எடுத்துட்டு வேன் எஞ்சினு! கோவக்காரி ஸ்பேனரக் கீழ வெச்சா. "உங்க நெஞ்சுல இருக்கறதையும் கழட்டிப்போட்டு ஆட்டாங்கல்ல மாட்டட்டுங்களா? அது சோறே கேக்காது"ன்னா. நஞ்சப்பன் செருப்ப உட்டுட்டே ஓடிட்டாரு.

"ஹிஹி."

சிரிக்காத, "ம்" சொல்லு.

"ம்."

அப்புறம் ரெண்டாவதா ஒருத்தரு வந்தாரு. ஒறம்பரை, ஒண்ணுவிட்ட மாமன். அன்னிக்குத்தான் அவ பெயிண்ட் அடிச்சிருக்கறா, இன்னும் காயல. மாமன் என்ன பண்ணுனாரு, "அடேங்கப்பா!"ன்னு பானெட்டு மேல உள்ளங்கைய வெச்சு 'சப்பு'ன்னு ஒரு தட்டு! அஞ்சு வெரலும் பதிஞ்சு போச்சு. அதோட உட்டாரா? "எங்க பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காருதான். மேல பூராவும் சாமந்திப்பூவ டேப்பு போட்டு ஒட்டிரலாம்"ங்கறாரு. டேப்பா! பிச்சு எடுத்தா பெயிண்டும் ஒட்டுக்கா வருமே! "மாப்பிள்ளைக்குக் காலு ரெண்டும் இருக்குதில்லங்க? நடத்திக் கூட்டிட்டுப் போங்க"ன்னுபோட்டா. மாமன் அன்னைக்கிருந்து இந்த வீட்டுல காப்பி குடிக்கறதில்ல. குடிக்காட்டிப் போகட்டும். அந்த வெரல் தடத்த அழிக்க எனக்கு... அவளுக்குக் கை தேஞ்சு போச்சு.

அப்புறம் மூணாவதா ஒருத்தன் வந்தான். அவன் வெளிய இருந்து வரல. வீட்டுக்குள்ளயே இருந்தான். வெளிய இருந்து வந்தவங்களையெல்லாம் வெரட்டிப்போட்டா, உள்ளயே ஒருத்தன் இருந்தா என்ன பண்ணுவா சொல்லு?

"யாரு அத்தை?"

அவளுக்கு ஒரு தம்பி. கூடப் பொறந்தவன். பேரு லோகு.

"எங்கப்பா பேரு!"

உங்கப்பனேதான்! கோவக்காரியும் நாந்தான்! போதுமா? பொட்டாட்டம் வாய மூடிட்டுக் கேளு.

அப்போ நீ உங்கம்மா வயித்துல இருந்த. எஞ்சின் மொத மொதலா உசுரு வந்து 'உர்ர்ர்ரூம்'னு கத்துச்சு பாரு, நான் ஷெட்டுல உக்காந்து அழுதேன். புதுசாக் கூட்டுன எஞ்சின் கொஞ்சம் ஓடுனதும் அந்த மொத ஆயில வடிச்சு எறிஞ்சுரோணும். ஒண்ணோட ஒண்ணு ஒரசி வந்த இரும்புத்தூளெல்லாம் அதுலதான் இருக்கும். அதனால நான் அடியில இருக்கற ஆயில் நட்டக் கழட்டி, தட்டு ஒண்ண வெச்சு, 'சொட்டு... சொட்டு...'ன்னு ராத்திரி பூரா வடிய உட்டேன். எங்க கம்பெனில ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டக் கழட்டுனா, மெசின ஓட்டறவன் கை எங்க படுமோ அங்கயே அதக் கட்டி வெக்கோணும். அதப் பாத்தா, ஏதோ கழட்டியிருக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும். அதுமாதிரியே நானும் காரு தொடைக்கற மஞ்சத்துணியில ஒரு துண்டக் கிழிச்சு, நட்ட முடிஞ்சு, ஸ்டீரிங்குல கட்டி வெச்சேன்.

மறுநாளு ஆயுத பூஜை. ஆயில் ஃபில்டரு பஸ்ஸுல பார்சல் வந்திருக்குதுன்னு காந்திபுரம் போனேன். அவ்வளவுதான் கண்ணு, போயிட்டு வர்ற நேரம்.

இங்க உங்கப்பனுக்கு நல்ல நேரம் முடியப்போகுதாமா! குளிச்சு, வேட்டி கட்டி, காருக்குச் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சுட்டான். கதவத் தொறந்தா ஸ்டீரிங்குல மஞ்சத்துணி முடிச்சு. மஞ்சத்துணியில முடிஞ்சிருந்தா அது சாமிக்கு நேந்துக்கிட்ட காணிக்கையாமா! 'அக்கா வேண்டிக்கிட்டு முடிஞ்சிருக்கறா'ன்னு முடிச்ச அவுத்துக்கூடப் பாக்காம அந்த ஆயில் நட்டுக்குப் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, கும்பிட்டான். கும்பிட்டான், கண்ணு! தட்டு நெறையா கருப்பா ஆயில் அடியில கெடக்குது, அத ஓரமா நவுத்தி வெச்சுட்டு, நட்டக் கும்பிட்டான்!

அப்புறம் சாவியத் திருப்பியிருக்கறான். 'உர்ர்ரூம்'. ஸ்டீரிங்குக்கு முன்னால செவப்பா ஒரு வெளக்குப் படம் எரிஞ்சுது. ஆயில் இல்லடா பாவின்னு காரு கத்துது! வாயில்லாத அதுக்குப் பேச அந்த ஒரு வெளக்குத்தான் இருக்குது. இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? "வெளக்கு எரியுது பாரு, நல்ல சகுனம்"னு கன்னத்துல போட்டுக்கிட்டான். உங்கம்மா பக்கத்துல நின்னு பாத்தா, அவ சொன்னதுதான் இது.

எலுமிச்சம்பழம் 'பச்சக் பச்சக்'. முக்குப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனான். திரும்பி வர்றப்போ உள்ள இருந்து 'கட்டக்... கட்டக்...'. நிறுத்துனானா? கேட்டுக்கிட்ட வர்றப்போ 'கட்டகட்டகட்டகட்ட... கீ...ச்ச்! டொம்.'

அப்புறம் சத்தமே இல்ல.

"ம்."

நான் ஃபில்டரக் கையில வெச்சுட்டு ஆட்டோவுல வந்து எறங்கறேன். கேட்டுக்கு வெளிய என்ற காரு, மாலையும் சந்தனமுமா நிக்குது. ஊருக்கு வேடிக்கை காட்ட வெளக்கத் தொறந்திருக்கான் போல. ஒரு கண்ணு மூடியிருக்குது, இன்னொரு கண்ணு பாதியில நின்னு என்னையவே பாக்குது. கோழிக் கொட்டாயில பாத்தாப்பலயே.

நான் கத்துன கத்துல பிள்ளையார் கோயில் புறாவெல்லாம் பறந்துருச்சு. "அதுக்கு ரத்தம் இல்லாம ஓட வெச்சுக் கொன்னுட்டியேடா!"ன்னு கத்துனேன். அவன் என்ன சொல்லியிருக்கோணும்? ஒரே வார்த்தை. 'தெரியாமப் பண்ணிட்டேன்க்கா'. சொன்னானா? "நல்ல நாளதுவுமாக் கத்தாத. மஞ்சத்துணியில முடிஞ்சிருந்தா யாரா இருந்தாலும் காணிக்கைன்னுதான் நெனப்பாங்க"ன்னான். எனக்குத் தல வெடிச்சுருச்சு. "இனி இந்தக் கேட்டுக்குள்ள கால வெச்ச, பாத்துக்க!"ன்னேன். அந்த மாசமே உங்கம்மாளக் கூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான்.

"அதனாலதான் அப்பா உள்ள வர மாட்டீங்கறாரா?"

ஆமா, நாந்தான் சொன்னேன்! கோவத்துல சொன்னேன்! கட்டி வெச்ச நட்டு சொன்னதக் கேக்கல, எரிஞ்ச வெளக்கு சொன்னதக் கேக்கல, நான் சொன்ன இத மட்டும் இத்தன வருசமாச் சுத்தபத்தமாக் கேக்கறான்! இந்தப் புத்திய என்னன்னு சொல்றது?

"அத்தை, கத்தாத."

...சரி. கத்தல.

அப்புறம் எஞ்சின மறுபடியும் எறக்குனேன். உள்ள பேரிங்கெல்லாம் வெள்ளித்தூளாக் கொட்டுச்சு. அதுக்குள்ள சுத்தற தண்டு கீறிப் போயிருச்சு. ஒரு கடையில கேட்டா "டிராக்டரு பேரிங்கு போடுங்க"ன்னான். இன்னொருத்தன் "எடைக்குப் போடுங்க"ன்னான். மூணாவதா ஜப்பானுக்கே கேட்டு எழுதுனேன், அங்க இருந்து ஒரு சின்னப் பொட்டி வந்துச்சு. தண்டக் கடைஞ்சு, பேரிங்கு போட்டு, நீ நடக்கக் கத்துக்கறதுக்குள்ள திருப்பி ஓட வெச்சுட்டேன். இப்பவும் வாரம் ஒருக்கா எந்திரிச்சு 'உர்ர்ரூம்'ங்குது. எலி வராம அந்துருண்ட போட்டு வெக்கறேன். ஆனா ஆயுத பூஜைக்கு மட்டும் எடுக்கறதில்ல. ஊரே வண்டி எடுக்கும், என்ற காரு மட்டும் கண்ண மூடிட்டு ஷெட்டுல கெடக்கும். அன்னிக்குச் சாவிய நான் தொடறதே இல்ல.

"எங்கப்பாவும் எடுக்க மாட்டாரு."

என்ன?

"எங்க வீட்ல ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்க மாட்டாரு. பொட்டு மட்டும் வெப்பாரு. கோயிலுக்கு நடந்துதான் போவோம். அப்புறம்... பூஜை அன்னிக்கு அப்பா தரையில படுத்து, வண்டிக்கு அடியில கைய உட்டுத் தடவிப் பாப்பாரு. அந்த நட்டு இருக்குதான்னு பாப்பாரு. பாத்துட்டு, கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருப்பாரு. கூப்புட்டா வர மாட்டாரு."

...

"அத்தை? நீ 'ம்' சொல்லு."

ம்.

அடப் பாவி! அடக் கிறுக்குப் பயலே! பூஜைக்குப் பூஜை தரையில படுத்துத் தடவறவனுக்கு, எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? அழுவல கண்ணு, கண்ணுல தூசி. நீ படு.

இங்க பாரு. நாளக்கழிச்சு பூஜை. அன்னிக்கு உன்னையக் கூட்டிட்டுப் போக உங்கப்பன் வருவானில்ல? வரட்டும். எப்பவும் நிக்கற எடத்துலயே கேட்டுக்கு வெளிய நிக்கட்டும். நான் காரக் கொண்டாந்து அவனுக்கு நேரா நிறுத்துவேன். எலுமிச்சம்பழத்த நீ கொண்டுபோய் அவன் கையில குடு. பழத்த அவனே வெக்கட்டும். நாலு சக்கரத்துக்கும் குனிஞ்சு வெக்கட்டும், அடியிலயும் நல்லாத் தடவிப் பாத்துக்கட்டும். அப்புறம் காரு உள்ள திரும்பும். அது பின்னாலயே அவனும் உள்ள வந்தா, ஏன்டா வந்தன்னு நான் கேக்க மாட்டேன்.

"கோவம் போயிருச்சா அத்தை?"

போகுமா? அதெல்லாம் போகாது. பழத்த அவன் வெக்கட்டும், சாவி எங்கிட்டதான் இருக்கும்.

சரி, கதையில எலுமிச்சம்பழம் நசுங்கிப் போச்சு, காரும் ஷெட்டுக்குள்ள போச்சு. சுவிச்சத் தட்டியாச்சு. அதுவும் கண்ண மூடிக்கிச்சு, நீயும் மூடிக்க. 'டொப்'. கதை நின்னு போச்சு, தூங்கு.