இரண்டு வாக்கும் மெய்யானால்

நாவற்கோட்டை என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் புலிக்குத்தி ராயர். அவருடைய சபையில் தர்க்க பண்டிதர் என்ற பெயரில் ஒரு தண்டச்சோறு இருந்தது. அந்தத் தண்டச்சோறு அடியேன்தான். பெயர் சங்கரநயினார். இது இப்படியானால் அது அப்படியாகும், அது அப்படி இல்லையென்றால் இதுவும் இப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம். வீட்டில் போய் இதைச் சொன்னால் என் மனைவி வடிவு, "அப்படியானால் விறகை யார் பிளப்பது?" என்று கேட்பாள். உடனே கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன்.

ராஜா நல்லவர்தான். ஒரே ஒரு குறை. தன் வாயிலிருந்து வந்த எதுவும் பொய்யாகாது என்று நம்பினார். அவர் ஒன்றை நம்பத் தொடங்கினால், மந்திரி கோமதிநாயகம் அதை அவருக்கு முன்பே நம்பி முடித்திருப்பார்.

ஒரு நாள் காலையில் வெண்பொங்கல் பிரமாதமாக அமைந்துவிட்டது. ராஜா ஏப்பம் விட்டபடியே சபையில் சொன்னார்: "இசக்கி என் சமையல்காரன். இது என் வாக்கு."

மத்தியானம் சோற்றில் கல். கடைவாய்ப் பல் பெயர்ந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தவர், "இசக்கி என் சமையல்காரன் இல்லை. இதுவும் என் வாக்கு" என்றார்.

சாயங்காலம் உலை வைக்கும் நேரம் வந்தது. அரண்மனையில் இரண்டு சட்டம் உண்டு. சமையல்காரன் உலை வைக்கத் தவறினால் கசையடி. சமையல்காரன் அல்லாதவன் மடைப்பள்ளிக்குள் கால் வைத்தாலும் கசையடி. இசக்கி மடைப்பள்ளி வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டு, நேராகச் சபைக்கு ஓடிவந்து விழுந்தான்.

"மகாராசா, உள்ள போனாலும் அடி, போகாட்டியும் அடிங்காக. நான் சமையக்காரனா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதும்படி நடந்துக்கிடுதேன்."

பார்க்கவே பாவமாக இருந்தது. அதோடு, அந்த ஊரில் எனக்கு ருசியாகச் சோறு போடுகிறவன் அவன் ஒருவன்தான். இது வடிவுக்குத் தெரிய வேண்டாம்.

"மகாராஜா, இரண்டில் ஒரு வாக்கைத் திரும்பப் பெற்றால் போதும்" என்றேன்.

"பெற்றால் அது பொய் என்று ஆகிவிடாதா? இரண்டும் மெய்."

"இரண்டும் மெய்" என்றார் மந்திரி.

"ஓய் பண்டிதரே, நீர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்? இரண்டும் மெய்யானால் என்ன கெட்டுப்போகும் என்று காட்டும் பார்ப்போம். காட்டாவிட்டால் இவன் அடியில் பாதி உமக்கு" என்றார் ராஜா.

என் முதுகு வீரப் பரம்பரையில் வந்ததல்ல. உடனே ஒப்புக்கொண்டேன்.

"சரி, மகாராஜா. இரண்டும் மெய். மந்திரியாரே, நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லும். இசக்கி சமையல்காரன். மெய்தானே?"

"மகாராஜா காலையில் சொன்னது. மெய்."

"அப்படியானால், 'இசக்கி சமையல்காரன், அல்லது நான் இந்த நாட்டு ராஜா. இரண்டில் ஒன்றாவது மெய்.' இப்படிச் சொன்னால் தப்பா?"

மந்திரி ஒட்டுப்போட்ட என் வேட்டியைப் பார்த்துச் சிரித்தார். "நீர் ராஜாவா? அது இருக்கட்டும். முதலாவது மெய்யாக இருக்கிறதே. இரண்டில் ஒன்று மெய் என்பதில் தப்பில்லை."

"நல்லது. இப்போது மத்தியான வாக்குக்கு வருவோம். இசக்கி சமையல்காரன் இல்லை. மெய்தானே?"

"அதுவும் மகாராஜா சொன்னது. மெய்யோ மெய்."

"இரண்டில் ஒன்று மெய் என்றீர். முதலாவது இல்லை என்கிறீர். மிச்சம் இருப்பது எது?"

மந்திரி இரண்டு விரலை நீட்டினார். ஒரு விரலை மடக்கினார். மற்ற விரலைப் பார்த்துக்கொண்டே, "நீர் ராஜா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ராஜாவின் கை வாள் பிடிக்குப் போனது. புது ராஜாவாகிய நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இவ்வளவு பயந்த ராஜாவை நாவற்கோட்டை அதற்குமுன் கண்டதில்லை.

"அப்படியானால் நான் யார்?" என்றார் ராஜா.

"எதுவாகவும் இருக்கலாம், மகாராஜா. 'நான் ராஜா' என்ற இடத்தில் என்னை எடுத்துவிட்டு ஒரு பூசணிக்காயை வைத்தால் அதையும் இதே வழியில் நிரூபித்துவிடலாம். இரண்டு எதிர்வாக்கும் மெய்யென்று ஒப்புக்கொண்ட சபையில் நிரூபிக்க முடியாதது என்று எதுவுமே கிடையாது. நான் குடும்பஸ்தன், அதனால் பூசணிக்காய்ப் பக்கம் போகவில்லை."

"உம்மை வைத்தே இன்னொன்று நிரூபியும்."

"இசக்கி சமையல்காரன், அல்லது நான் மகா அறிவாளி. இசக்கி சமையல்காரன் இல்லை. ஆகவே நான் மகா அறிவாளி."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் ராஜா என்றபோது பயந்தவர்கள்கூட, இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வாசல் காவலன் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தார். நாக்கால் பல் போன இடத்தைத் தடவினார்.

"மத்தியானம் பேசியது என் பல்வலி. அந்த வாக்கை எடுத்துக்கொண்டேன். இசக்கி, நீ என் சமையல்காரன். போய் உலை வை. அரிசியைக் கல் பார்த்துப் போடு."

இசக்கி எனக்கொரு கும்பிடு போட்டுவிட்டு மடைப்பள்ளிக்கு ஓடினான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பண்டிதரே," என்றார் ராஜா, "என்னை ஒரு பொய்யிலிருந்து காப்பாற்றினீர். மகா அறிவாளி என்று உமக்கொரு பட்டம் கொடுக்கப்போகிறேன். நீர் அதற்குத் தகுதியானவர் என்று சபைக்கு இன்னொரு முறை நிரூபித்துக் காட்டும்."

நான் கைகட்டி நின்றேன்.

"இனி முடியாது, மகாராஜா. அதற்கு இருந்த ஒரே ஆதாரத்தை இப்போதுதான் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள்."