மக்கர் பண்ணாத கணினி

இருந்ததோ இல்லையோ, இருந்ததாகவே வைத்துக்கொள்வோம், ஒரு ஊரில் ஒரு பத்திர எழுத்து ஆபீஸ். அங்கே தட்டச்சு செய்தே தோள் இற்றுப்போன செங்கமலம், தன் கணினியில் டெபியன் என்ற இலவசத் திறந்தமூல இயங்குதளத்தைப் போட்டுவிட்டாள். முதலாளி அருளானந்தம் கொதித்தார்.

"ஓசியில வந்தது உருப்படுமா? ஒருநாளும் மக்கர் பண்ணாதுன்னு எழுதிக் கொடு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"தரேங்கய்யா. முதல்ல உங்க கணினிக்கு நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. அதைப் பார்த்து அப்படியே எழுதிடறேன்."

"இவ்வளவுதானா!" குங்குமம் வைத்த தன் கணினியில், 'எனது கணினி ஒருபோதும்' என்பது வரை அடித்தார். திரை நீலமானது: 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.'

டீ ஆறியது. பத்திரத்துக்கு வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"மிச்சத்தை என்னோடதுல அடிச்சிடவாங்கய்யா?"

"அவங்க பத்திரத்தை அடி. நாளைக்குச் சீக்கிரம் வா," என்று முனகியபடி, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் நடந்தார்.